பால் வற்றக் கட்டிய மல்லிகை

அம்மா,

நேற்று சர்ச்சுக்குப் புறப்படும் அவசரத்தில் ஷீபா ஒரு முழம் மல்லிகையை என்னிடம் நீட்டிவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பூ வைத்துவிடுவது எப்போதும் நீதான். நீ போன பிறகு அவள் பூவே வைத்துக்கொள்ளவில்லை. நேற்றுதான் முதல் தடவை. ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு நான் வைத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அம்மா வெச்சா விழவே விழாதுக்கா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. மண்ணுக்குள் போய்விட்ட உன்மேல் இன்னும் எனக்குப் பொறாமை என்றால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

மல்லிகை வாசம் மற்றவர்களுக்குக் கல்யாண வீட்டை நினைவுபடுத்துமாம். எனக்கு கே.ஜி.எஃப்.பில் சின்னம்மா வீட்டுப் பின்னறைதான் நினைவுக்கு வரும். அப்போது எனக்குப் பதினாறு வயது. என் வயிறு வெளியே தெரிவதற்குள், "இந்த வயசுல மறுபடியும் எனக்கு" என்று பெங்களூரில் நம் காக்ஸ் டவுன் முழுக்க வெட்கப்பட்டுச் சொல்லிவிட்டு, தங்கை வீட்டில் பிரசவம் பார்த்துக்கொள்ளப் போவதாக என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாய். என்ன நடிப்பு! அந்தப் பையன் எங்கே போனான் என்று ஒரு நாளும் என்னைக் கேட்டுக் குடையவில்லை. அது ஒன்றுக்கு உனக்கு நன்றி.

பிள்ளை பிறந்த பிறகு மார்பு கல்லாய்க் கனத்தது. நீ கடைவீதியில் உதிரி மல்லிகை வாங்கிவந்து, மார்பில் பரப்பி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினாய். பூ வைத்தால் பால் வற்றிவிடும் என்றாய். பக்கத்து அறையில் பிள்ளை அழ அழ, கட்டிய துணி நனைந்தது. புட்டியை எடுத்துக்கொண்டு நீ எழுந்து போனாய். "அழாதடி, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று உன் குரல் கேட்டது. அதை அவளிடம் சொன்னாயா என்னிடம் சொன்னாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது நீ அம்மா, நான் அக்கா. ஞானஸ்நானத்தன்று என்னை ஞானத்தாயாக நிற்க வைத்தாய். மனம் ஆறட்டும் என்று நினைத்திருப்பாய். போதகர், பிள்ளையின் தாய் முன்னால் வரலாம் என்றார். என் கால் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. அதற்குள் நீ என்னைத் தாண்டிப் போய்விட்டாய். பிள்ளைக்காகப் பிசாசை வெறுக்கிறேன் என்று எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தேன். உன்னை வெறுக்கிறேன் என்று சொல்லச் சொல்லியிருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நம் வீட்டில் வயிறு என்னுடையது, அவள் வாய் கூப்பிட்டதெல்லாம் உன்னை.

நீ கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நீயோ என்னை மறுபடி பி.யூ.சி.யில் சேர்த்தாய், பி.காம். படிக்க வைத்தாய். இன்றைக்கு நான் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் நாற்காலி உன்னால் வந்தது. எனக்கு வந்த வரன்களையெல்லாம் நான் தட்டிக்கழித்தபோது கூட நீ ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் ஷீபாவுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் தேடுவது உன் முந்தானையைத்தான். நான் வைத்த ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு உன் முகத்தைப் பார்ப்பாள். அப்போது உன் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போகும். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா?

நேற்று ஆராதனை முடிந்து பெண்கள் சங்கக் கூட்டம். ஈஜிபுராவிலிருந்து நம் சபைக்கு வரும் ஒரு பெண்; பதினேழு வயது, ஆறு மாத வயிறு. பையன் ஓசூர்ப் பக்கம் ஓடிவிட்டான். வயது பத்தாததால் அரசாங்கப் பிரசவ உதவிப் பணம் வராது என்றார்கள். சங்கம் மாதாமாதம் ஏதாவது கொடுக்கலாமா என்பதுதான் பேச்சு. அந்தப் பெண் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பேசுவதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

நீ தலைவியாக இருந்தவரை இப்படிப்பட்ட பெண்களுக்குச் சங்கப் பணம் போனதில்லை. "குடும்பம் தாங்கணும், சங்கம் எதுக்கு?" என்பாய். எல்லோரும் தலையாட்டுவார்கள். நீ எப்படித் தாங்கினாய் என்று அந்த ஹாலில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நேற்றும் பொருளாளர் ஆன்ட்டி உன் பேச்சையே எடுத்தார். இன்றைக்கு இவளுக்குக் கொடுத்தால் நாளைக்கு நாலு பேருக்குத் தைரியம் வரும், ஸ்வல்ப, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்றார். வாணியம்பாடியில் அந்தப் பெண்ணின் அத்தைக்குப் பிள்ளை இல்லையாம். குழந்தையை அவள் எடுத்துக்கொண்டால் இந்தப் பெண் படிக்கப் போய்விடலாம், பணமும் வேண்டாம் என்றார்.

அப்போது ஷீபா எழுந்தாள். உன் கடுகு நிறச் சேலை, நான் வைத்த பூ. "எங்கம்மா இருந்திருந்தா இதத்தான் சொல்லியிருப்பாங்க. கொழந்தைய பெரியவங்க வளக்கட்டும், அந்தப் பொண்ணு படிக்கட்டும்" என்றாள்.

அம்மா, என் வயிற்றில் பிறந்தவள் உன் வாயால் பேசினாள்.

நான் கூட்டங்களில் பேசுகிறவள் இல்லை. நேற்று எழுந்துவிட்டேன். "பணத்த அந்தப் பொண்ணு கையில குடுங்க. கொழந்தைய மட்டும் கேக்காதீங்க. சோத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழி இருந்தா அவளே வளப்பா, படிக்கவும் படிப்பா" என்றேன்.

பொருளாளர் ஆன்ட்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உனக்கென்னம்மா தெரியும்? பெத்தவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்" என்றார்.

அக்காவை அப்படிப் பேசாதீர்கள் என்று ஷீபாதான் குறுக்கே வந்தாள். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். பிரசவம் வரைக்கும் கொடுப்பது, பிறகு மறுபடி பேசுவது என்று முடிவானது. குழந்தையைப் பற்றிய பேச்சை அதோடு விட்டார்கள். பாதி வெற்றிதான். வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்காகத்தான் சண்டை போட்டேன், அவளைப் பார்த்தும் எனக்கு எரிந்தது. நாளைக்கு ஒரு வாய் அவளை அம்மா என்று கூப்பிடும். மறைக்க வேண்டியதில்லை, யாரிடமும் தயவு கேட்க வேண்டியதில்லை.

வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத்தான் ஷீபா கேட்டாள், எல்லோர் முன்னாலும் அம்மாவுக்கு எதிராக ஏன் பேசினாய் என்று. நான் கேட்டைத் திறந்தேன். அவளே சாவியை உருவிக்கொண்டு, "கோவமெல்லாம் இல்லக்கா. இனிமே எனக்கு நீதான அம்மா மாதிரி" என்றாள்.

மாதிரி. இத்தனை வருடம் காத்திருந்து எனக்குக் கிடைத்தது அது. அதுவும் நீ போய் இடம் காலியானதால்.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. தடுக்க நீயும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற அவள் முகத்தைப் பார்த்தேன். சொன்னால் எனக்குப் பிள்ளை கிடைப்பாள். அவளோ ஒரு தடவை பறிகொடுத்த அம்மாவை மறுபடியும் பறிகொடுப்பாள். சாப்பிட வா என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு பேராகச் சுமந்ததை இப்போது நான் தனியாகச் சுமக்கிறேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று நீ சத்தியம் வாங்கியதற்காக இல்லை. ஒரு தாயையும் பிள்ளையையும் பிரிக்க உனக்கு மனசு வந்தது அம்மா, எனக்கு வரவில்லை.