மங்களம் மட்டும் பாடச் சொன்னார்கள்

இணுவில்
21.01.1978

அன்பு மகள் மகாதேவிக்கு,

கந்தசுவாமியார் துணையால் இங்கு எல்லாரும் சுகம். லண்டன் குளிரில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க வேண்டும், வெறுங்காலோடு வீட்டுக்குள் திரியாதே. என் பிரியாவிடை எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய், நினைத்தாலே எரிச்சல் வருகிறது. முப்பத்தொரு வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் படிப்பித்தேன், விழாவென்றால் தேவாரம், முடிவில் மங்களம், அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மேடை. கலியாணத்துக்கு முன் கச்சேரி செய்தவள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதனால் சேலையும் மாலையும் வேண்டாம், இரண்டு மணித்தியாலம் பாட விடுங்கள் என்று அதிபரிடம் கேட்டேன். ஓம் ரீச்சர் என்று தலையாட்டினார். அன்றைக்கு ஒன்பது பேர் பேசினார்கள், என் பாட்டை ஒருநாளும் கேளாத ஒருவர் என்னைக் குயில் என்றார். ஆறரைக்கு அதிபர் வந்து, நேரம் போயிட்டுது ரீச்சர், மங்களத்தை மட்டும் பாடுங்கோவன் என்றார். நான் மங்களமும் பாடாமல் மேடையை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். சனம் என்ன நினைக்கும், உமக்கு இந்த வயதிலை உது தேவையோ என்று அப்பா வழி முழுக்கப் புறுபுறுத்தார்.

மூன்றாம் நாள் யசிந்தா வந்தாள், குருநகரில் மீன் விற்கும் சின்னத்தங்கத்தின் மகள், என்னிடம் பாட்டுப் படித்துப் பிறகு வயலினுக்குப் போனவள். நீங்கள் பாடுங்கோ, நான் வாசிக்கிறன், எங்கடை மாதா கோயில் மண்டபம் சும்மாதான் கிடக்குது என்றாள். சைவப் பொம்பிளை வேதக்காரற்றை மண்டபத்திலை பாடுறதோ என்று அப்பா குதித்தார். அப்படியென்றால் எங்கடை ஆக்களிட்டை ஒரு மண்டபம் கேட்டு வாருங்கோ என்றேன்.

போன ஞாயிறு பாடினேன். ஐம்பது பேர் இருக்கும், இணுவிலிலிருந்து ஒருவரும் இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே தேய்ந்த குரல், முதல் பாட்டிலேயே மேலே ஏற மறுத்தது. வெட்கத்தில் எழும்பிவிடலாமா என்று பார்த்தேன். யசிந்தா வயலின் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை ஒரு கட்டை இறக்கினாள். பிறகு இரண்டரை மணித்தியாலம் பாடினேன் மகள், ஒரு சனம் எழும்பவில்லை. வெளியே வந்தால் மதிலடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்பா நிற்கிறார். உள்ளே வந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். வெளியிலை நல்லாக் கேட்டுது என்றார். இந்த மனுசனை என்ன செய்வது.

கடவுள் உங்கள் இருவரையும் நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். நீயும் பாட்டை விட்டுவிட்டாயாம், பாடினால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிக்குக் கேட்குமாம். கேட்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
அருந்ததி