சாட்சி சொல்லுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் உன் மாமாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு முன்பாகப் பிரித்துப் படிக்கிற அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். இந்தத் தடவை கொஞ்சம் நீளம், அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. முழங்கால் வலியால் பதில் போட முடியவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வலி இருப்பது உண்மைதான். ஆனால் முழங்காலால் யாரும் கடிதம் எழுதுவதில்லை என்று உன் மாமா சொல்லிவிட்டார். அந்த மனுஷனுக்கு வாய் மட்டும் இன்னும் வயதாகவில்லை.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரண்டு மெஷினில் ஒன்று கெட்டுப் போய்விட்டது. முந்நூறு விரிப்புகளை ஒரே மெஷினில் போட்டு எடுக்கிறோம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, ரத்தம் பட்ட விரிப்பை எடுத்தவுடனே வெந்நீரில் முக்கிவிட்டாள். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, கையால் கசக்கி, அதற்கப்புறம்தான் சூடு காட்ட வேண்டும். அவசரப்பட்டால் கறை நூலோடு இறுகிவிடும், அப்புறம் எவனாலும் எடுக்க முடியாது. அன்றைக்குப் பன்னிரண்டு விரிப்பு வீணாயிற்று. அவளை நான்தான் திட்டினேன். திட்டும்போது உன் ஞாபகம் வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அங்கே ஞானஸ்நானம் எடுத்தது எனக்குச் சந்தோஷம். அடுத்த மாதம் இருபதாம் தேதி உன்னை விடுகிறார்கள் என்பது அதைவிடச் சந்தோஷம். வெளியே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே நம் சபையில் நின்று சாட்சி சொல்லப் போவதாகவும், போதகர் ஒத்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தாய். கூடவே தையல்காரரிடம் கொடுக்கச் சொல்லி நான்கு பக்கம் தனியாக எழுதி வைத்திருந்தாய். அதைப் பிரித்துப் படித்தேன். உன் அக்கா அப்படிப்பட்டவள்தான் என்று உனக்குத் தெரியாதா என்ன.

நல்ல எழுத்து. பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கம் எழுத உனக்கு ஒரு வாரம் ஆகும். இதில் கிருபை என்று பதினேழு இடத்தில் எழுதியிருக்கிறாய். மனுஷனுடைய நற்கிரியை ஒன்றுமில்லை, எல்லாம் இலவசம், நான் விடுதலையானேன், எனக்குச் சமாதானம் வந்தது, நீங்களும் சமாதானமாகுங்கள் என்று முடித்திருக்கிறாய். நடந்ததெல்லாம் 'என் பழைய வாழ்க்கை' என்று மூன்றே வார்த்தையில் போய்விட்டது. அதனால் நான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ காலையிலேயே குடித்துவிட்டு லாரியை எடுத்தாய். பள்ளிக்கூட வாசலில் அந்தப் பிள்ளை தெருவைக் கடந்துகொண்டிருந்தாள். எட்டு வயது. தையல்காரருக்கும் அவர் மனைவிக்கும் ஒரே பிள்ளை. நம் சபையில் மூன்றாவது வரிசையில் இப்போதும் அவர்கள் இரண்டு பேரும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டுத்தான் உட்காருகிறார்கள்.

சின்ன வயதிலிருந்தே நீ கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். உன் கடிதத்தைப் படித்ததும், இந்தத் தடவை பரலோகம் வழியாகவே நழுவிவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஆத்திரமாக வந்தது. ஏன் என்று சொல்கிறேன். நீ உள்ளே போன மாதத்திலிருந்து நான் தினமும் வேலை முடிந்து ஐந்து மணிக்குத் தையல்காரர் வீட்டுக்குப் போனேன். இதை உனக்கு எழுதியதில்லை. முதல் ஒன்பது நாள் கதவைத் திறக்கவில்லை. பத்தாம் நாள் திறந்தே கிடந்தது. அந்த அம்மா படுக்கையை விட்டு எழாத காலம் அது. பாத்திரம் தேய்த்தேன், தரை துடைத்தேன், தண்ணீர் பிடித்து வைத்தேன். ஒரு வாய் தண்ணீர்கூட அங்கே குடித்ததில்லை. வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. காய்ச்சல் அடித்த நாளிலும் போனேன். ஆறு வருஷம், தம்பி. உன் பாவத்தை என் கையாலேயே தேய்த்து எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் ஜெபத்தில், ஆண்டவரே இன்றைக்கும் போனேன், பார்த்துக்கொள்ளும் என்று சொல்வேன். அப்படி இருக்க, நீ கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லிவிட்டு எல்லாம் முடிந்தது என்கிறாய்.

போதகரிடம் போய்க் கேட்டேன். எல்லாம் இலவசம் என்றால் நான் ஆறு வருஷமாகச் செய்தது என்ன, பைத்தியக்காரத்தனமா என்று கேட்டேன். அவர் பாவம், நாற்காலியைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். "கிருபை இலவசந்தாம்மா. ஆனா அது உள்ள வந்தா மனுஷனைச் சும்மா இருக்க விடாது" என்றார். அப்படியென்றால் அவனை ஏன் சும்மா விட்டது என்றேன். அவர் வேதப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். பிரசங்க மேடையில் இருக்கிற தைரியம் கீழே இறங்கினால் யாருக்கும் இருப்பதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை உன் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்காமல் அடுப்பில் போட்டுவிடலாம் என்றுகூட யோசித்தேன், அது என் கடிதமில்லையே. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனதுக்குள் படித்தார். மடித்தார். உள்ளேயிருந்து அந்த அம்மா, சத்தமாகப் படியுங்கள் என்றார்கள். அவர் மறுபடி பிரித்து முதல் வரியிலிருந்து படித்தார். உன் பதினேழு கிருபையையும் அந்தக் குரலில் கேட்க வேண்டியிருந்தது எனக்கு. படித்து முடித்ததும் அந்த அம்மா வெளியே வந்து, "எம் பொண்ணு பேரு எங்க?" என்று கேட்டார்கள்.

அவர் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அந்தச் சம்பவம் என்று ஐந்து இடத்தில் இருந்தது, குழந்தை என்று ஒரு இடத்தில் இருந்தது. பெயர் இல்லை. நான் இரண்டு வாரம் அதைக் கையில் வைத்திருந்து, கிருபையை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர எனக்கும் அது தோன்றவில்லை.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. விறுவிறுவென்று போய்ப் பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது அதுதானே. அந்த அம்மா பின்னாலேயே வந்து குழாயை மூடினார்கள். "அதை வச்சிட்டு வந்து உக்காரு" என்றார்கள். உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ இருக்கும்போது என்னால அழ முடியாது. ஆறு வருஷமா அஞ்சு மணியிலருந்து ஆறு மணி வரைக்கும் நான் அழுததில்ல. இந்தப் பொம்பளைக்கு இங்க வந்து தேய்ச்சாத்தான் ஆறுதல் போலன்னு விட்டுட்டேன்."

தம்பி, நான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் அவர்கள் வீட்டிலிருந்து நான்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அவர்கள் அழுகிற நேரத்தை எடுத்திருக்கிறேன். உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்து என்னைப் பற்றி எழுதுகிறேன், பார். நீ அவர்களைக் கேட்காமல் மன்னிப்பை வாங்கிக்கொண்டாய். நான் அவர்களைக் கேட்காமல் தண்டனையை வாங்கிக்கொண்டேன். ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் வேறு எப்படி இருப்போம்.

பிறகு அந்த அம்மா டீ போட்டு என் முன்னால் வைத்தார்கள். நான் தொடவில்லை. எதற்கு இது என்று கேட்டேன். "எதுக்கும் இல்ல. சும்மா குடி" என்றார்கள். முந்நூறு விரிப்பு தூக்குகிற கை எனக்கு, அந்த டம்ளரைத் தூக்க முடியவில்லை. அழுதுகொண்டே குடித்தேன். அவர்களும் அழுதார்கள். அவர் மெஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஆறு வருஷமாக அந்த வீட்டில் நான் சொல்லாத பெயரை அன்றைக்குத்தான் வாய் விட்டுச் சொன்னேன்.

இனிமேல் வேலைக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து மணி ஆனால் கை என்ன செய்வதென்று தெரியாமல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் உட்காருகிறேன். அந்த அம்மா பிள்ளையைப் பற்றிச் சொல்வதைக் கேட்கிறேன். பென்சில் முனையைக் கடிப்பாளாம். செருப்பை எப்போதும் இடம் வலம் மாற்றிப் போடுவாளாம். இதைவிடப் பாத்திரம் தேய்த்ததே சுலபம்.

இலவசம் என்று நீ எழுதியது பொய்யென்று சொல்ல மாட்டேன். அந்த டீயைக் குடித்துவிட்டு எப்படிச் சொல்வேன். ஆனால் என்னால் குடித்துவிட்டு எழுந்து போய்விட முடியவில்லை, தம்பி. உனக்கு மட்டும் அது எப்படி அவ்வளவு லேசாக இருக்கிறது என்றுதான் புரியவில்லை. இல்லை, நீயும் சிரமப்படுகிறாயா? கடிதத்தில் அதை மறைத்துவிட்டாயா? அப்படி இருந்தால் நல்லது என்று ஆசைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டேன். தம்பி கஷ்டப்பட வேண்டும் என்று எந்த அக்காவாவது ஜெபிப்பாளா? நான் ஜெபிக்கிறேன்.

வீட்டுக்கு வா. உன் கட்டிலைத் துடைத்து வைத்திருக்கிறேன். மாமா உனக்கு இரண்டு சட்டை எடுத்திருக்கிறார், அளவு தெரியாமல் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும். நீ எப்படி வந்தாலும் இந்தக் கதவு திறந்திருக்கும், அதில் பேச்சில்லை. ஆனால் சபைக்கு முன்னால் நின்று பேசுவதை மட்டும் தள்ளிப் போடு. போதகரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்தப் பிள்ளையின் பெயரை எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம், வேத வசனமும் வேண்டாம். அதை எழுதிய பிறகும் உன் கை ஓடினால், அப்போது வருகிற வார்த்தையை அவர்களுக்கு அனுப்பு. இந்தக் கடிதத்தில் நான் அந்தப் பெயரை எழுதவில்லை, வேண்டுமென்றேதான். மறந்துபோயிருந்தால் என்னிடம் கேட்காதே. அவளைப் பெற்றவர்களிடம் கேள்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. உன்னை மன்னித்தவருக்கு அவள் பெயர் தெரியும். உனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று முழங்கால் வலியோடு மன்றாடுகிற,

உன் அக்கா