பகல் பன்னிரண்டு இருபது

பாளையங்கோட்டை
4.8.1997

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

லேகா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு மூவரும் நலம். மதினியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீங்கள் கடிதம் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. தங்கை வழக்குக்காரி ஆகிவிட்டாள் என்று பயமா?

அனுராதாவுக்கு இரண்டு வயதில் கழுத்து நின்றுவிட்டது. பேட்டையில் பீர் மைதீன் பாய் அவள் உடம்புக்கு அளவெடுத்து ஒரு நாற்காலி செய்து தந்தார். அதில் உட்கார்ந்து எங்களை அதட்டுகிறாள். பேச்சு வரவில்லை. பெயரைச் சொன்னால் மட்டும் டக்கென்று திரும்புகிறாள்.

நுகர்வோர் மன்றத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் பதில் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் பன்னிரண்டுக்கே வந்தாராம், குழந்தை பகல் 12.20க்குப் பிறந்ததாம், தாமதமே இல்லையாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கல்யாண வீட்டிலிருந்து வந்தபோது மணி இரண்டு. நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். வயிற்றுக்குள் மூச்சு முட்டி அவள் மூளை அடிபட்டது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். நம் வழக்கும் அதுதான்.

சாட்சிக்கு ஆகுமே என்று அவள் ஜாதகத்தை எடுத்துப் போனோம். அதிலும் 12.20. வக்கீல் நடராஜ், "ஒங்க வீட்டு ஜாதகமே அவங்க பக்கம்லா பேசுது" என்றார். எழுதியது நீங்கள். நர்ஸ் உங்களிடம் என்ன மணி சொன்னாள்?

தங்கை,
லேகா

நாங்குநேரி
11.8.1997

சிவமயம்

சௌபாக்கியவதி லேகாவுக்கு ஆசீர்வாதம். மதினிக்குத் தேவலை. நெய் ஒரு தூக்கு கொடுத்தனுப்பியிருக்கிறேன், குழந்தைக்குப் பருப்புச் சோற்றில் பிசைந்து கொடு. டாக்டர்களைப் பகைத்துக்கொண்டு ஊரில் இருக்க முடியுமா? ஜாதகம் கல்யாணத்துக்கு எழுதுவது, கோர்ட்டுக்கு அல்ல. சமாதானமாகப் போய்விடு.

தில்லைநாயகம்

பாளையங்கோட்டை
16.8.1997

அண்ணாச்சிக்கு,

நெய் வந்தது, நல்ல மணம். கடிதத்தில் எல்லாம் இருந்தது, நான் கேட்ட மணி மட்டும் இல்லை.

அடுத்த வீட்டில் பழைய பஞ்சாங்கம் வாங்கிப் பார்த்தேன். அனு பிறந்த அன்று பகல் ஒன்றேகாலுக்கு அனுஷம் முடிந்து கேட்டை வருகிறது. கேட்டைப் பெண் புருஷனின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள். இல்லாத மாப்பிள்ளையின் அண்ணனைக் காப்பாற்ற, இருக்கிற பிள்ளையின் இரண்டு மணி நேரத்தை அழித்துவிட்டீர்கள்.

கோபமாகத்தான் இருக்கிறேன். எனக்குப் பிறகு அனுவை யார் பார்ப்பார்கள் என்பதற்கு இந்த வழக்கைத் தவிர என்னிடம் பதில் இல்லை. ஆஸ்பத்திரிகள் மேலும் இந்த மன்றத்தில் வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கெடு தவறாமல் போட்டிருக்கிறோம். ஜெயிப்பேன். செப்டம்பர் இரண்டாம் தேதி வாய்தா. நீங்கள் வராவிட்டாலும் நான் பேசுவேன், ஆனால் இனிக் கடிதம் எழுத மாட்டேன்.

லேகா

நாங்குநேரி
24.8.1997

அன்புள்ள லேகா,

நீ கண்டுபிடித்தது பாதிதான். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தாலும் ஜாதகத்தோடு ஒத்துப்போக வேண்டுமே என்று, ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் 12.20 என்று போடச் சொல்லிக் கேட்டதும் நான்தான். கேட்டவுடனே சரியென்றார்கள். என்ன நல்ல மனசு என்று கைகூப்பிவிட்டு வந்தேன். அவர்களுக்கு வேண்டியதை நானே கேட்டுக் கொடுத்திருக்கிறேன் என்பது உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றுதான் புரிந்தது. நெய் அனுப்பியது அந்த வெட்கத்தில்.

நர்ஸ் கோமு அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து மணியை எழுதி, "ஜாதகத்துக்கு வச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்று தந்தாள். 2.35. ஊருக்கு ஒரு ஜாதகம் எழுதினேன், பிள்ளைக்கு நிஜமாகவே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்காக ஒன்று எழுதினேன். தாள் அதற்குள்தான் இருக்கிறது. தபாலை நம்பவில்லை, நானே கொண்டுவருகிறேன். பதிவேட்டு விஷயத்தையும் மன்றத்தில் சொல்வேன். அதற்குப் பிறகு இங்கே ஒருவரும் என்னிடம் ஜாதகம் எழுத வரமாட்டார்கள். வரவேண்டாம்.

மதினி கேட்கிறாள், கேட்டை என்று ஆகிவிட்டால் அனுஷத்துக்கு வைத்த அனுராதா என்ற பெயரை மாற்ற வேண்டாமா என்று. வேண்டாம் என்றேன். பிள்ளை அந்தப் பெயருக்குத்தானே திரும்புகிறாள்.

வாய்தா அன்று, செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

உன் அண்ணன்