இரண்டு மதிப்பெண் கேள்வி

அண்ணனூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் உஸ்மாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் நலம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்கத் தினமும் துஆ செய்கிறேன். போனில் நீ எப்போதும் அவசரத்தில் இருக்கிறாய், நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். அதனால்தான் இதை எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நோன்புப் பெருநாளுக்கு வருகிறாயா என்று போன தடவையும் கேட்டேன், பார்க்கலாம் உம்மா என்று சொல்லி வைத்துவிட்டாய்.

எதிர் வீட்டு சைனம்பு மாமி மகனோடு வேலப்பன்சாவடிக்குக் குடிபோய்விட்டார். உன் அத்தா மவுத்தான பிறகு அவர்தான் எனக்குப் பேச்சுத்துணை, இப்போது அந்தக் கதவிலும் பூட்டு. பள்ளிக்கூடத்திலாவது பேசலாம் என்றால் பிளஸ் ஒன் திருப்புதல் தேர்வுக்கு ஆங்கில வினாத்தாள் எடுக்கும் வேலை இந்த முறை என் தலையில் விழுந்தது. கேள்வி வெளியே கசிந்துவிடக் கூடாதென்று, எடுத்து முடிக்கும்வரை ஸ்டாஃப் ரூமில் உட்காரக் கூடாது என்பது எங்கள் பள்ளி வழக்கம், உனக்குத்தான் தெரியுமே. லைப்ரரி மூலையில் தனியாகச் சாப்பிட்டேன். வராந்தாவில் என்னைக் கண்டாலே டீச்சர்கள் பேச்சை நிறுத்தினார்கள், எனக்கு அம்மை போட்டிருக்கிற மாதிரி. வீட்டிலும் பேச ஆளில்லை, அங்கேயும் இல்லை, ரொம்பத் தனியாக இருந்தது கண்ணு.

பாடத்திலிருந்து கேட்டால் பிள்ளைகள் கைடை மனப்பாடம் செய்து அப்படியே கொட்டிவிடுவார்கள், சொந்தமாக ஒரு வரி வராது. ஆகவே படித்துப் பதில் எழுதும் பத்தியை நானே எழுதினேன். சாயங்காலம் ஒரு பெண் கீரைக்கட்டோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள், ரயில் வருகிறது, ஜனங்கள் இறங்கிப் போகிறார்கள், கூட்டம் கலைந்த பிறகும் அவள் நிற்கிறாள். அவ்வளவுதான் பத்தி. அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. தூரதேசத்தில் இருக்கும் மகளுக்காக என்று விடைக்குறிப்பில் எழுதினேன்.

சரிபார்க்க வந்தவள் நிவேதிதா, புதிதாகச் சேர்ந்த ஆங்கில டீச்சர். படித்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "மிஸ், இதுல மகளே வர்லியே, பசங்க எங்கேர்ந்து எடுத்து எழுதுவாங்க?" என்றாள். திரும்பத் திரும்பப் படித்தேன், நிஜமாகவே இல்லை. இத்தனை வருஷ சர்வீஸில் பத்தியில் இல்லாத பதிலை நான் கேட்டதே கிடையாது. எழுதும்போது நீ அந்தப் பத்திக்குள் இருப்பதாகவே நினைத்திருக்கிறேன் போல. அழுகை வந்துவிட்டது, ஜலதோஷம் என்று சமாளித்தேன். பாவம், நல்ல பெண். பொருத்தமான எந்தப் பதிலுக்கும் மதிப்பெண் தரலாம் என்று போட்டுவிடலாம் மிஸ் என்றாள். அப்படியே மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அல்லாஹ் உனக்கு நல்ல ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. வைட்டமின் மாத்திரையை விடாமல் போடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. பெருநாளுக்கு வருகிறேன், இல்லை வரமுடியாது, இரண்டில் ஒன்றை எழுது. பிள்ளைகள் எதை எழுதினாலும் மதிப்பெண் போட்டுவிடுவேன், உன்னுடைய 'பார்க்கலாம்' என்ற பதிலுக்கு என்னால் போட முடியவில்லை.

இப்படிக்கு,
உன் உம்மா
ஷாகிதா