எஸ்தருக்கு வாங்கின டைட்ஸ்

எஸ்தர்,

உன் முழங்காலோட விலை நூத்திருபது ரூபாய். சைக்கிள்லேர்ந்து விழுந்த உனக்கு எலும்பு முறியலைன்னு டாக்டர் சொன்னதும் போன உயிர் திரும்பி வந்துது. நேரா தாம்பரம் மார்க்கெட் போய் அந்த நூத்திருபதுக்கு, காலோட ஒட்டி நிக்கற சைக்கிள் டைட்ஸ் வாங்கிட்டேன். கடையில வழவழன்னு இருந்த இன்னொண்ணு காலைப் பனிக்கு ஆகாது. இது உள்ளே மெத்துன்னு இருக்கு, உட்கார்ற இடத்துல தையல் உறுத்தாது. இனி சுடிதார் செயின்ல சிக்கி நீ விழ வேண்டாம்.

அப்பா, "இனி அவளுக்கு சைக்கிள் ரேஸே வேணாம்"னு ஆரம்பிச்சார். "சரி, வாங்கினது வீணாகக் கூடாது, நானே போட்டுக்கிட்டு ஓட்டறேன்"னேன். மனுஷன் அரண்டு போயிட்டார். கடைசியில, தெருமுனை வரைக்கும் நீ டைட்ஸ் மேலே நீளச் சட்டை போடணும்னு பேரம் படிஞ்சுது.

இட்லி ஹாட்பேக்ல இருக்கு. வெளியே போனா சாவியை பக்கத்து வீட்டு எல்லம்மா அக்காகிட்ட கொடு.

அம்மா

பி.கு.: அப்பாகிட்ட மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. ரேஸ், சைக்கிள், டைட்ஸ் மூணும் உன் பக்கம். அவர் பக்கம் ஒரு சட்டை, அதுவும் தெருமுனை வரைக்கும்தான்.