நெரினியாவுக்கு வாய் வலப்பக்கம்

பாய்,

இன்று சாத்தூரில் என் மகள் படிக்கும் பள்ளிக்குப் போயிருந்தேன். ஆய்வறைச் சுவரில், சிவகாசி அச்சகத்தில் நாம் அச்சடித்த தொல்லுயிர் சார்ட் இன்னும் தொங்குகிறது. கீழே உங்கள் பெயருக்குப் பக்கத்தில் யாரோ ஒரு ஆசிரியர் சிவப்பு மையில் "வரைந்தவர் பிழை" என்று எழுதி வைத்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உங்கள் பிழையா? ஆர்டர் கொடுத்த கல்லூரிக்காரர்கள் கல்லாகிப்போன ஒரு கடல் நத்தையின் முழு ஓடு ஒன்றையும், நெடுக்கே அறுத்த ஒரு பாதியையும் தந்திருந்தார்கள். நாள்கணக்கில் லென்ஸும் கையுமாக இருந்தீர்கள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். "இங்கன பாருங்க. வெளிய பாத்தா வெறும் நீளக் கூம்பு. உள்ள எம்புட்டு மடிப்பு! இந்த மடிப்பப் பாத்துத்தான் இது நெரினியாவா, அதோட பங்காளியான்னு பிரிக்காக." பூண்டோடு அழிந்துபோன பிராணிக்குப் பங்காளி முறை சொன்ன ஆள் நீங்கள் ஒருவர்தான்.

நுனியை மேலே வைத்துப் பார்த்தால் அதற்கு வாய் வலப்பக்கம். அப்படியே வரைந்தீர்கள். பிலிம் ஒட்டும் என் மேசைக்கு முதலாளி வந்தார். "என்னலே இது, இடம்புரியால்ல இருக்கு? செவுத்துல தொங்குற படம். வலம்புரியாத் திருப்பிப் போடு." பூசைச் சங்கை நுனி கீழே இருக்கப் பிடித்துப் பார்ப்பது வழக்கம்; அந்தக் கணக்கில் இதன் வாய் இடப்பக்கம் வந்துவிடும்.

நீங்கள் எழுந்து வந்தீர்கள். "முதலாளி, இது பூசைச் சங்கு இல்ல. திருப்புனா தப்பாப் போயிரும்."

"பாய்க்குச் சங்கப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரித்தார். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? செத்துக் கல்லான நத்தைக்கு ராசி பார்த்த மனிதர் அவர்!

படம் ஒரு பிலிம், எழுத்தும் கோடுகளும் வேறொரு பிலிம். படத்தை மட்டும் திருப்பி ஒட்டினேன். 'வாய்' என்ற சொல்லிலிருந்து போன கோடு நத்தையின் முதுகில் குத்தி நின்றது. கல்லூரிக்காரர் வந்து சத்தம் போட்டபோது, முதலாளி கூசாமல் உங்களைக் கைகாட்டினார். "ஆர்டிஸ்ட் கவனிக்கல சார்." நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். கல்லூரி வேண்டாமென்ற சார்ட்டுகளை முதலாளி பள்ளிக்கூடங்களுக்குத் தள்ளிவிட்டார். அதன்பின் சிவகாசியில் எந்த அச்சகமும் உங்களிடம் படம் கேட்கவில்லை. விருதுநகரில் மச்சான் கடையில் பருப்பு எடைபோட்டீர்கள்.

போன மாதம் உங்கள் அடக்கத்துக்கு வந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். அதற்குள் உங்கள் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, கம்பெனில நீங்க ஒருத்தர்தான் அத்தாவுக்காகப் பேசுனீகளாம்ல? அத்தா அடிக்கடி சொல்லுவாக."

நான் தலையாட்டினேன்.

எதற்கு அப்படிச் சொல்லிவைத்தீர்கள், பாய்? யார் கேட்டார்கள்? முதலாளி மேல் இருக்கும் ஆத்திரத்தைவிட இப்போது உங்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம். நீங்கள் கொடுத்த நல்ல பெயரோடு திரிகிறேன். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால், பெற்ற பிள்ளையிடமே பொய் சொன்னவராகிவிடுவீர்கள் நீங்கள்.