ஒன்பதோடு நின்ற துளைகள்

1939 ஜூலை 9, ஞாயிறு. காலை ஆறு மணி நாற்பது நிமிடம். கல்லின் முதுகில் ஒன்பது துளைகள். மண்ணைச் சுரண்டிவிட்டு இரண்டு முறை எண்ணினேன். சாக்கட்டியால் பன்னிரண்டு குறித்தவன் நான். ஒன்பதோடு நிறுத்தியவன் நீ.

ராத்திரி தூறலில் நனைந்த கல்லில் உன் சட்டை வாசனை அடிக்கிறது. ஆட்கள் வருமுன் இதை எழுதிவிடுகிறேன்.

பூந்தமல்லிப் பள்ளியில் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். நீ கல் உடைக்கப் போனாய், நான் ஓவர்சியர் படிப்புக்குப் போனேன். போன வருடம் ஜில்லா போர்டின் வானகரம் சாலையில் மதகு கட்டும் வேலை எனக்கு வந்தது. மழைக்குள் முடிக்க வேண்டும். ஏரி ஓரத்தில் பாதி புதைந்து கிடந்த இதைப் பாறை என்று முடிவுகட்டி, பிளந்தால் மதகின் மேல் போட மூடுகல் கிடைக்கும் என்று உன்னைக் கூப்பிட்டேன்.

ஆப்பு இறக்கத் துளை போட்டுக்கொண்டே வந்தவன், ஒன்பதாவதில் சுத்தியலை நிறுத்தினாய்.

"இன்னாடா, கை வலிக்குதா?"

"சத்தத்த கேளு. கீழ காலியா கீது."

"கல்லு பேசுறத கேக்கவா உன்ன கூப்ட்டேன்? மழ வந்துகினு கீது."

"வர்ட்டும். உன்ன மாரி அது அவசரக் குடுக்க இல்ல."

ஓரத்து மண்ணைத் தோண்டி உள்ளே கையை விட்டாய். "விரலு கீதுடா. அஞ்சும் கீது."

மத்தியானத்துக்குள் அடியில் குழி பறித்து, மல்லாந்து உள்ளே நகர்ந்தாய். குப்புறக் கிடக்கிற சிலை, சம்மணம் போட்டுக் குந்தியிருக்கிறார், கிரீடம் இல்லை, ஆயுதம் இல்லை என்று அங்கிருந்தே சொன்னாய்.

"மூஞ்சி?"

"அத்த சொல்ல வராது. நீ எறங்கி பாரு."

எனக்கு நேரமில்லை. பல்லாவரத்துக்கு வேறு கல் கேட்டு ஆள் அனுப்ப வேண்டும். அப்புறம் பார்க்கிறேன் என்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துப் பண்டிதர் வந்தார். புத்தர் என்றார். பீடத்தின் பக்கவாட்டில் இருப்பது சோழர் காலத்து எழுத்து என்றார். சிதைந்ததில் 'சபையோம்' என்ற ஒரு சொல்தான் தேறியது. ஊர்ச் சபை கூடி ஏதோ முடிவு செய்திருக்கிறது என்றார். "அப்பவும் போர்டு மீட்டிங்குதானா?" என்று நீ கேட்டாய். அவரும் சிரித்துவிட்டார்.

நீ மட்டும் பிறகு சிரிக்கவில்லை. பீடத்தின் அடிப்புறம் செதுக்காத கரடு. மலையிலிருந்து இதைப் பிளந்தபோது ஆப்பு இறக்கிய பழைய துளைகளின் பாதித் தடம் அங்கே வரிசையாக இருந்தது. இரண்டு துளைக்கு நடுவே நான்கு விரலை வைத்தாய். சரியாக அடங்கியது. முதுகுப் பக்கம் வந்து உன் துளைகளுக்கு நடுவே வைத்தாய். அதே நான்கு விரல்.

"அவனும் என்ன மாரி ஒர்த்தன். அவன் வேலைய நான் பொளக்க பாத்தேனே."

நீ இல்லை, நான் என்று சொல்லியிருக்க வேண்டும். அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மழை வந்தது, குழி நிரம்பியது. மதகு பல்லாவரத்துக் கல்லில் முடிந்தது. தை மாதம் உனக்கு விஷக் காய்ச்சல் என்று குமணன்சாவடியில் உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். பாயில் கிடந்தபடி ஒன்றே ஒன்று கேட்டாய். "மூஞ்சி மண்ணுல கீதுடா. நிமித்திடு." தூக்குவதற்குக் கப்பி கிடைக்கட்டும் என்றேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

வேறொரு பாலத்து வேலையில் மாட்டியிருந்த சங்கிலிக் கப்பி போன வாரம்தான் கைக்கு வந்தது. அதற்கு முன்பே வேறு வழி தேடியிருக்கலாம். தேடவில்லை. ஊரில் எல்லோரையும் அவசரப்படுத்துகிறவன், உன் காரியத்தில் மட்டும் ஆறு மாதம் நிதானமாக இருந்தேன். இப்போது வேலையில் எந்தக் கல் வந்தாலும் முதலில் தட்டிக் கேட்கிறேன். ஆட்கள் கேலி செய்கிறார்கள்.

இன்று செய்யப்போவது:

1. குழியை மறுபடி வெட்டித் தண்ணீரை இறைப்பது.
2. மூன்று கம்பம் நட்டு, கப்பி மாட்டி, சங்கிலி உரசாமல் வைக்கோல் பிரி சுற்றி, ஒரு முழம் தூக்கிக் கட்டை கொடுப்பது.
3. ஆட்களைக் கஞ்சி குடிக்க அனுப்பிவிட்டு, நீ படுத்த இடத்தில் மல்லாந்து படுத்து அந்த முகத்தைப் பார்ப்பது. அவசரப்படாமல்.
4. சாலையைப் பார்க்க நிமிர்த்தி உட்கார வைப்பது.
5. ஒன்பது துளையையும் பூசாமல் விடுவது. யார் கேட்டாலும், குறித்தது நான், நிறுத்தியது நீ என்று சொல்வது.